ரோஜாவுக்கு மூணே வாரம்... கல்லறைக்கு 2,300 வயசு! பல்கேரியா ட்ரிப் போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை இளஞ்சிவப்பு ரோஜா, பின்னால் மலை, எம்ப்ராய்டரி உடை போட்ட பெண்கள் கூடை நிறையப் பூவோடு சிரிக்கிறார்கள். பல்கேரியாவில் உள்ள ரோஜாப் பள்ளத்தாக்கு அது. அதே பள்ளத்தாக்குக்கு இன்னொரு பெயரும் உண்டு: திரேசிய மன்னர்களின் பள்ளத்தாக்கு. ரோஜாத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே மண்மேடுகள், அதற்குள் கிறிஸ்துவுக்கு முன் கட்டிய கல்லறைகள்.

இரண்டையும் ஒரே ட்ரிப்பில் பார்த்துவிடலாம். மூன்று நாள் போதும். ஆனால் தேதியைத் தப்பாகப் போட்டால், லட்சக்கணக்கில் செலவு செய்துவிட்டு வெறும் பச்சைச் செடியைப் பார்த்துத் திரும்ப வேண்டி வரும். அதனால் டிக்கெட்டுக்கு முன்னால் பூவைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

எங்கே இருக்கு இந்த ஊர்?

பள்ளத்தாக்கின் முக்கிய ஊர் கசன்லக். பல்கேரியாவின் நடுப்பகுதியில், வடக்கே பால்கன் மலைத்தொடர், தெற்கே ஸ்ரெட்னா கோரா மலைகள், இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. தலைநகர் சோஃபியாவிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். கிட்டத்தட்ட சென்னையிலிருந்து திருவண்ணாமலை போகிற தூரம். பஸ்ஸிலோ ரயிலிலோ மூன்று, மூன்றரை மணி நேரம் ஆகும். ரயில் கொஞ்சம் ஆடி அசைந்துதான் போகும். ஆனால் மலையை ஒட்டியே ஓடுகிற பாதை என்பதால் ஜன்னல் சீட் கிடைத்தால் விடாதீர்கள்.

ஊர்ப் பெயரிலேயே ரோஜாத் தொழில் இருக்கிறது. 'கசான்' என்றால் துருக்கி மொழியில் பெரிய கொப்பரை. பன்னீர் காய்ச்சுகிற செப்புக் கொப்பரைகள் நிறைந்த ஊர் என்பதால் இந்தப் பெயர் வந்தது என்கிறார்கள். ஒட்டோமான் ஆட்சிக் காலத்தில் இங்கே வேர் பிடித்த தொழில், இன்றைக்கும் ஊருக்குச் சோறு போடுகிறது.

பூ எப்போ பூக்கும்?

இங்கே வளர்ப்பது டமாஸ்க் ரோஜா. நம்ம ஊர் பன்னீர் ரோஜாவின் நெருங்கிய சொந்தம் என்று சொன்னால் சட்டென்று புரியும். பூக்கடையில் தண்டோடு விற்கிற ரோஜா மாதிரி வருஷம் முழுக்கப் பூக்காது. மே மாத நடுவில் ஆரம்பித்து ஜூன் முதல் வாரம் அல்லது நடுப்பகுதி வரை, மூன்று நான்கு வாரம்தான். அதுவும் வானிலை முடிவு செய்யும். வெயில் அதிகமான வருஷத்தில் சீக்கிரம் பூத்துச் சீக்கிரம் முடியும். குளிர் நீடித்தால் தள்ளிப்போகும்.

தேதி சரியாக அமைந்தாலும் நேரம் என்று ஒன்று இருக்கிறது. பறிப்பு விடியற்காலையில் தொடங்கி ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் முடிந்துவிடும். காரணம் எண்ணெய். விடியும் நேரத்தில் விரிகிற பூவில்தான் வாசனை எண்ணெய் அதிகம். வெயில் ஏற ஏற அது ஆவியாகிப் போய்விடும். மேகமூட்டமான, ஈரமான காலை என்றால் பறிப்பவர்களுக்குக் கொண்டாட்டம். சுற்றுலாப் பயணிக்கு எரிச்சல் தரும் தூறல் அவர்களுக்கு லாபம்.

ஒரு கிலோ ரோஜா எண்ணெய் எடுக்கச் சுமார் 3,000 முதல் 4,000 கிலோ பூ வேண்டும். ஒரு கிராம் எண்ணெய்க்கு மூன்று, நான்கு கிலோ பூ! அத்தனையும் கையால் பறித்தது. பறிப்பவர்களுக்குக் கிலோ கணக்கில்தான் கூலி. அதனால் ஒரு வேண்டுகோள்: செல்ஃபிக்காகச் செடி வரிசைக்குள் குறுக்கே போய் நிற்காதீர்கள். நாம் நிற்கிற ஐந்து நிமிஷம் அவர்கள் சம்பளத்தில் குறையும். தோட்டங்கள் பெரும்பாலும் தனியாருடையவை. அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எண்ணெய் காய்ச்சும் ஆலைகள் சிலவே காலை பறிப்பையும் காய்ச்சுவதையும் சேர்த்துச் சுற்றிக்காட்டுகின்றன. முன்கூட்டியே புக் செய்துவிட்டுப் போவதுதான் மரியாதை, வசதியும்கூட.

திருவிழாவுக்குப் போகணுமா, வேண்டாமா?

கசன்லக்கில் ரோஜாத் திருவிழா 1903-ல் தொடங்கியது. உச்சக்கட்டம் ஜூன் முதல் வார இறுதி. ரோஜா ராணி தேர்வு, தெரு ஊர்வலம், நாட்டுப்புற நடனம் எல்லாம் உண்டு. பாரம்பரிய உடையில் பூப்பறிப்பும் நடக்கும். ரீல்ஸில் வருவது பெரும்பாலும் இந்தக் காட்சிதான். பார்க்க அழகு, ஆனால் பார்வையாளர்களுக்காக நடத்தப்படுவது. உண்மையான பறிப்பில் பழைய டி-ஷர்ட், இடுப்பில் கட்டிய பை, முள் கீறிய கை, இதுதான்.

என்னைக் கேட்டால் மே கடைசி வாரம் பெஸ்ட். பூ உச்சத்தில் இருக்க வாய்ப்பு அதிகம், ஹோட்டல் வாடகையும் திருவிழா அளவுக்கு எகிறாது. திருவிழாவும் வேண்டும் என்பவர்கள் அதற்கு மூன்று நாள் முன்னதாகவே போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்துக்கு மட்டும் போனால், சூடான வருஷத்தில் தோட்டம் ஏறக்குறைய காலியாகியிருக்கலாம்.

இன்னொரு விஷயம். மே 24 அங்கே அரசு விடுமுறை. எதற்குத் தெரியுமா? அவர்களுடைய எழுத்துக்கும் பண்பாட்டுக்கும்! சிரில், மெத்தோடியஸ் என்ற இரண்டு துறவிகளை நினைத்துக் கொண்டாடுகிறார்கள். எழுத்துக்கு லீவு விடுகிற நாடு என்று தமிழ் படித்தவர்கள் சந்தோஷப்படலாம். ஆனால் அந்த ஒட்டிய நாள்களில் ரூம் சீக்கிரம் நிரம்பும் என்பதையும் நினைவில் வைக்கணும்.

கல்லறைகளில் என்ன இருக்கு?

பூவைப் போல் இல்லை, கல்லறை காத்திருக்கும். 2,300 வருஷமாகக் காத்திருந்ததுதானே. இதைக் கட்டியவர்கள் திரேசியர்கள். கிரேக்கர்களின் அண்டை வீட்டுக்காரர்கள். குதிரைக்கும் தங்க வேலைக்கும் பேர் போனவர்கள். ஆனால் தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதி வைக்காததால், கல்லறைகள்தான் அவர்களைப் பற்றிப் பேசுகின்றன.

முதலில் பார்க்க வேண்டியது ஊருக்குள்ளேயே இருக்கும் கசன்லக் கல்லறை. 1944-ல் ராணுவ வீரர்கள் குன்றில் குழி தோண்டும்போது தற்செயலாகக் கிடைத்தது. 1979-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தேன்கூடு மாதிரிக் குவிந்த சின்ன அறை, விட்டம் மூன்று மீட்டர்கூட இல்லை. மேலே ஓவியம்: விருந்தில் ஒரு ஆணும் பெண்ணும் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருக்கிறார்கள். சுற்றிலும் பணியாளர்கள், குதிரைகள், உச்சியில் தேர்ப் பந்தயம். சாவு வீட்டு விருந்து என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்தப் பிடித்த கைகளைப் பார்த்தால் பிரியாவிடை என்றுதான் தோன்றும்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். நீங்கள் உள்ளே போய்ப் பார்ப்பது அசல் இல்லை! அசல் கல்லறை பொதுமக்களுக்கு வழக்கமாகத் திறப்பதில்லை. பக்கத்திலேயே அதே அளவில் கட்டிய பிரதியைத்தான் பார்க்க முடியும். காரணம் நம் மூச்சு. அத்தனை சின்ன அறைக்குள் தினமும் கூட்டம் போனால், மூச்சில் இருக்கும் ஈரமும் உடல் சூடும் ஓவியத்தை உரித்துவிடும். "காப்பிக்கு எதுக்கு டிக்கெட்" என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் நன்றாகச் செய்திருக்கிறார்கள். அசல் உரிந்துபோவதற்கு இது எவ்வளவோ மேல்.

அசலுக்குள் நிற்க ஆசைப்படுபவர்களுக்காகவே இருக்கிறது கோல்யாமா கோஸ்மட்கா. கசன்லக்கிலிருந்து ஷிப்கா போகிற சாலையில், சுமார் 20 மீட்டர் உயரமுள்ள மண்மேடு. 2004-ல் தொல்லியலாளர் கியோர்கி கிதோவ் குழு தோண்டியது. நீண்ட கல் நடைபாதை, வட்ட அறை, கடைசியில் ஒரே பிரம்மாண்டப் பாறையைக் குடைந்த அறை. இரட்டைப் பளிங்குக் கதவில் சூரிய தேவன் முகமும் மெதூசா முகமும். தலைக்கவசத்திலும் வெள்ளிப் பாத்திரங்களிலும் கிரேக்க எழுத்தில் செயூத்தஸ் என்ற பெயர் இருந்தது. அலெக்சாண்டருக்குப் பின் வந்த தளபதிகளோடு மோதிய மூன்றாம் செயூத்தஸ் மன்னன்தான் அது. வாசலுக்கு வெளியே, அவன் சிலையிலிருந்து வெட்டியெடுத்த வெண்கலத் தலையைத் தனியாகப் புதைத்திருந்தார்கள். கண் இமை உட்பட அப்படியே இருக்கிறது, பார்த்தால் நம்மை முறைப்பது போலிருக்கும்.

அதே வருஷம் ஸ்வெதித்சா என்ற இன்னொரு மேட்டில் 600 கிராமுக்கு மேல் எடையுள்ள தங்க முகமூடியும் கிதோவ் குழுவுக்குக் கிடைத்தது. மனிதர் 2008-ல் காலமாகிவிட்டார். புல்டோசர் வைத்து அவசரமாகத் தோண்டுகிறார் என்று சக ஆய்வாளர்களே அவரைக் கடுமையாக விமர்சித்தார்கள். புதையல் திருடர்கள் முந்திவிடுவார்கள், அதனால்தான் வேகம் என்பது அவர் தரப்பு. திருட்டு பெரிய பிரச்சினை என்பது உண்மைதான். பல மேடுகளில் ஆய்வாளர்கள் போவதற்குள் கொள்ளை போயிருந்தது.

செயூத்தஸ் கட்டிய தலைநகரம் எங்கே? தண்ணீருக்கு அடியில். 1948-ல் கொப்ரின்கா அணை கட்டும்போதுதான் செயூத்தோபோலிஸ் நகரம் வெளியே வந்தது. சில வருஷம் ஆராய்ந்துவிட்டு, திட்டமிட்டபடி நீரை நிரப்பிவிட்டார்கள். ஏரிக்கரைக்குப் போனால் தண்ணீர்தான் தெரியும். அரை மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க வேண்டாம்.

மூன்று நாளை எப்படிப் பிரிப்பது?

சோஃபியாவில் இறங்கியதும் ஓடிவிடாதீர்கள். செயூத்தஸின் வெண்கலத் தலையும் தங்க முகமூடியும் இருப்பது அங்குள்ள தேசிய தொல்லியல் அருங்காட்சியகத்தில். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு மாலையில் கசன்லக் போய்விடுங்கள். முகத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு வீட்டைப் பார்ப்பது தனி அனுபவம்.

இரண்டாம் நாள் விடியலில் தோட்டம், பிறகு ஆலை, மதியத்துக்கு மேல் ரோஜா அருங்காட்சியகமும் கசன்லக் கல்லறையும். மூன்றாம் நாள் டாக்சி பிடித்துக் கோஸ்மட்கா, அப்படியே ஷிப்கா. 1877-78 ரஷ்ய-துருக்கிப் போர் நினைவாகக் கட்டிய தங்கக் குமிழ் தேவாலயம் அங்கே இருக்கிறது. சின்னக் கல்லறைகள் சில எல்லாக் காலத்திலும் திறந்திருக்காது. முதல் நாளே ஊரிலுள்ள இஸ்க்ரா அருங்காட்சியகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விசா, பணம், சாப்பாடு

பழைய பயணக் குறிப்புகளை நம்ப வேண்டாம், ரெண்டு விஷயம் மாறிவிட்டது. 2025 ஜனவரி 1 முதல் பல்கேரியா முழுமையான ஷெங்கன் நாடு. இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும், கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். முடிவுக்குப் பொதுவாக 15 நாள், சில நேரம் 45 நாள்கூட ஆகும். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். மே மாதப் பூவுக்கு ஏப்ரலில் விண்ணப்பிப்பது ரிஸ்க். இரண்டாவது, 2026 ஜனவரி 1 முதல் அங்கே யூரோதான். லெவ் கணக்கில் விலை எழுதியிருந்தால் பாதியாக்கிக்கொள்ளுங்கள், ஏறக்குறைய சரியாக வரும். சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. துபாய், தோஹா, இஸ்தான்புல் வழியாகப் போகலாம்.

சைவம் சாப்பிடுபவர்கள் பயப்பட வேண்டாம். தயிருக்குப் பேர் போன நாடு. வெள்ளரிக்காய் போட்ட குளிர்ந்த தயிர் சூப் தராதோர், சீஸ் தூவிய ஷொப்ஸ்கா சாலட், ரோஜா ஜாம் எல்லாம் கிடைக்கும். பனித்சா என்ற அடுக்கு ரொட்டியில் முட்டை இருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். கேட்கும்போது ஒரு எச்சரிக்கை: அங்கே 'ஆமாம்' என்றால் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள், 'இல்லை' என்றால் மேலும் கீழும்! 'தா' என்றால் ஆமாம், 'நே' என்றால் இல்லை. வாயால் சொல்லச் சொல்லிக் கேட்பது பாதுகாப்பு.

வாங்கி வர வேண்டியது ரோஜா எண்ணெய்தான். ஆனால் சில யூரோவுக்கு விற்கும் வண்ண மரக்குப்பியில் இருப்பது பெரும்பாலும் வாசனைத் திரவியம், சுத்த எண்ணெய் இல்லை. ஒரு கிராமுக்கு எத்தனை கிலோ பூ என்று மேலே பார்த்தோமே, அந்தக் கணக்கை வைத்தே விலையை எடை போடலாம். 'பல்கேரிய ரோஜா எண்ணெய்' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 முதல் புவிசார் பாதுகாப்பு உண்டு. ஆலையிலேயே சான்றிதழோடு வாங்குங்கள். சுத்தமான எண்ணெய் குளிரில் லேசாக உறையும். வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜில் வைத்த பிறகு உறைந்திருந்தால், கெட்டுப்போச்சு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.