வீதிக்கு அடங்காத தேர்

மனிதர் இதுவரை கட்டிய கப்பல்களிலேயே மிக நீளமானது ஓர் எண்ணெய்க் கப்பல். நீளம் 458 மீட்டர், அகலம் 68 மீட்டருக்கும் மேல், தாங்கக்கூடிய சுமை சுமார் 5,64,000 டன். ‘சீவைஸ் ஜயன்ட்’, ‘ஹேப்பி ஜயன்ட்’, ‘யாரே வைக்கிங்’, ‘நாக் நெவிஸ்’, ‘மான்ட்’ என்று முப்பது ஆண்டுகளில் ஐந்து பெயர்கள் அதற்கு. கட்டச் சொன்னவர் வாங்க மறுத்தார். போர் விமானங்கள் குண்டு வீசின. கடைசிக் காலத்தில் ஓடவே இல்லை, ஒரே இடத்தில் கட்டிப் போட்டிருந்தார்கள். இதையெல்லாம் கோத்து ராசியில்லாத கப்பல் என்று சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதற்கு நேர்ந்தவற்றில் பெரும்பகுதிக்கு அதன் அளவே காரணம்.

இவ்வளவு பெரிதாகக் கட்டும் ஆசை எப்படி வந்தது? 1967 ஜூனில் அரபு-இஸ்ரேல் போரோடு சூயஸ் கால்வாய் மூடப்பட்டது. எட்டு ஆண்டுகள் திறக்கவில்லை. பாரசீக வளைகுடாவில் ஏற்றிய கச்சா எண்ணெய் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு ஐரோப்பா போக வேண்டியிருந்தது. பயணம் நீண்டால் செலவு கூடும். அதைக் குறைக்க ஒரே நடையில் அதிகம் ஏற்ற வேண்டும். கணக்கும் அதற்குச் சாதகமாகத்தான் இருந்தது. ஒரு தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரு மடங்காக்கினால் அதன் கொள்ளளவு 8 மடங்காகிறது. சுவர்களின் பரப்போ 4 மடங்குதான். எஃகு அந்த அளவுக்குக் கூடாது, மாலுமிகளின் எண்ணிக்கையும் கூடாது. கால்வாய் மூடியிருப்பதால் அதன் ஆழத்தைப் பற்றிக் கவலைப்படவும் தேவையில்லை. காகிதத்தில் பிழையே இல்லாத கணக்கு.

ஆனால் உலகம் காகிதத்தைப் போல அசையாமல் இருக்கவில்லை. 1973இல் எண்ணெய் விலை ஏறியது, 1975இல் கால்வாய் திறந்தது, 1979இல் ஈரானில் புரட்சி வந்து விலை மறுபடி எகிறியது. அதன்பின் சில ஆண்டுகள் உலகின் எண்ணெய் நுகர்வே குறைந்தது. வட கடலிலும் அலாஸ்காவிலும் கிடைத்த எண்ணெய்க்குத் தொலைதூரப் பயணம் வேண்டியிருக்கவில்லை. பிரான்சின் சாந்-நசேரில் ‘பட்டிலஸ்’ வகையைச் சேர்ந்த நான்கு கப்பல்கள் கட்டப்பட்டன. ஒவ்வொன்றும் ஐந்தரை லட்சம் டன் ஏற்றக்கூடியவை. அவற்றில் மூன்று, 1983க்கும் 1986க்கும் இடையில் உடைக்க அனுப்பப்பட்டன. எண்ணெய்க் கப்பல் ஒன்று இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கலாம். இவை மூன்றும் பத்து ஆண்டுக்குள்ளேயே முடிந்துபோயின. குண்டும் படவில்லை, பாறையிலும் மோதவில்லை. ஏற்றச் சரக்கு இல்லை, அவ்வளவுதான்.

நம் கப்பல் இதே சரிவின் நடுவில்தான் பிறந்தது. ஜப்பானில் சுமித்தோமோ நிறுவனத்தின் ஒப்பாமா கப்பல் தளத்தில் ஒரு கிரேக்க முதலாளிக்காக அதைக் கட்டினார்கள். அவர் ஏற்க மறுத்தார். ஹாங்காங் கப்பல் அதிபர் சி.ஒய்.டுங் அதை வாங்கியதோடு நிற்காமல், நடுவில் வெட்டிப் புதிய பகுதியைச் சேர்த்து நீட்டச் சொன்னார். நாலு லட்சத்துச் சொச்சம் டன்னாக இருந்தது ஐந்தரை லட்சத்தைத் தாண்டியது. சந்தை இறங்கும்போது கப்பலை நீட்டிய துணிச்சலை என்னவென்று சொல்வது! முழுச் சுமையோடு அது நீருக்குள் 24.6 மீட்டர் அமிழ்ந்தது. சூயஸ், பனாமா கால்வாய்களில் நுழைய முடியாது. ஆங்கிலக் கால்வாயிலும் போக முடியாது. தேரோடும் வீதியைவிட அகலமாகத் தேர் செய்தால், அது நிலையிலேயே நிற்க வேண்டியதுதான்.

குண்டு விழுந்ததற்கும் அளவா காரணம் என்று கேட்கலாம். நேரடியாக இல்லை, ஈரான்-ஈராக் போரில் சிறு கப்பல்களும்தான் அடிபட்டன. ஆனால் அது ஏன் அங்கே நின்றுகொண்டிருந்தது என்று பார்க்க வேண்டும். ஈரானின் கார்க் தீவு ஏற்றுமுனையை ஈராக்கிய விமானங்கள் தாக்கிக்கொண்டிருந்தன. அங்கே வர அயல்நாட்டுக் கப்பல்கள் அஞ்சின. அதனால் ஈரான் தன் எண்ணெயைக் கப்பல்களில் தெற்கே கொண்டுவந்து, ஹோர்முஸ் நீரிணை அருகே லாரக் தீவில் நின்ற பெரிய கப்பல்களில் சேர்த்துவைத்தது. கிடங்காக நிறுத்த, ஓட வழியில்லாத ராட்சதக் கப்பலைவிடத் தோதானது எது? 1988 மே 14 அன்று ஈராக்கிய விமானங்கள் லாரக்கையும் எட்டின. கப்பல் எரிந்தது, தேறாது என்று முழு இழப்புக் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

பிறகு அதையே சிங்கப்பூருக்கு இழுத்துப்போய்ச் சீர்செய்து, 1991 முதல் நார்வேக்காரர்கள் பல ஆண்டுகள் ஓட்டினார்களே என்பது வலுவான மறுப்பு. ஓட்டினார்கள், உண்மை. ஆனால் கட்டிய செலவை ஈட்ட வேண்டிய சுமை அவர்களுக்கு இல்லை. எரிந்த கூட்டின் விலையிலிருந்து தொடங்கிய கணக்கு அது. எக்ஸான் வால்டெஸ் என்ற எண்ணெய்க் கப்பலின் விபத்துக்குப் பின் ஒற்றை அடுக்கு உடல் கொண்ட எண்ணெய்க் கப்பல்களை உலகம் படிப்படியாக விலக்கத் தொடங்கியபோது இதன் ஓட்டமும் முடிந்தது. அந்த விதி பெரிதுக்கும் சிறிதுக்கும் பொதுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2004இல் கத்தாரின் அல் ஷஹீன் எண்ணெய் வயலில் மறுபடியும் மிதக்கும் கிடங்கு வேலை. 2009 கடைசியில் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. சுமார் 80,000 டன் எஃகை அங்குள்ள தொழிலாளர்கள் வெட்டிப் பிரித்தார்கள்.

இன்று 400 மீட்டர் நீளக் கன்டெய்னர் கப்பல்கள் லாபத்தோடு ஓடவில்லையா? ஓடுகின்றன. ஆனால் அவை நீருக்குள் சுமார் 16, 17 மீட்டர்தான் அமிழ்கின்றன, சூயஸில் போகலாம். 2021இல் ‘எவர் கிவன்’ என்ற கன்டெய்னர் கப்பல் அங்கே குறுக்கே சிக்கிக்கொண்டது வேறு கதை. ஒரு கப்பலின் வழிகளை அடைப்பது நீளத்தைவிட ஆழம்தான். எண்ணெய்க் கப்பல்களின் அளவும் அதனால்தான் சுமார் 3 லட்சம் டன்னில் வந்து நின்றது: 20 லட்சம் பீப்பாய், சுமார் 330 மீட்டர் நீளம், மலாக்கா நீரிணையைக் கடக்கும் ஆழம். 2002-03இல் இதை மீறி 4,40,000 டன் அளவில் நான்கு கப்பல்கள் கட்டிப் பார்த்தார்கள். அவற்றில் இரண்டு, பத்து ஆண்டுகூட ஆகாத நிலையில், அதே அல் ஷஹீனுக்குக் கிடங்காகப் போய்ச் சேர்ந்தன.