அமீகா: ஏன் செத்தது, ஏன் இன்னும் சாகவில்லை

2015ல் அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்திலிருந்து ஒரு சின்ன செய்தி வந்தது. கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்தில் 19 அரசுப் பள்ளிகளின் ஹீட்டரும் ஏசியும் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதையெல்லாம் 1980களில் வாங்கிய ஒரே ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர்தான் கவனித்துக்கொண்டிருந்தது. அதற்கு ப்ரோக்ராம் எழுதியவர் அப்போது பள்ளி மாணவர். ஏதாவது மக்கர் பண்ணினால் 2015லும் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

அந்த மெஷின் கமடோர் அமீகா. அதைத் தயாரித்த கம்பெனி திவாலாகி அப்போதே 21 வருடம் ஆகியிருந்தது.

நம்ம ஊரில் 90களில் கம்ப்யூட்டர் கிளாஸ் போனவர்கள் பார்த்தது கறுப்புத் திரையும் சி ப்ராம்ப்டும்தான். அதனால் அமீகாவை நம்மில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்கவே வாய்ப்பில்லை. ஆனால் ஐரோப்பாவில் என் வயதுக்காரர்களிடம் இந்தப் பேரைச் சொல்லிப் பாருங்க, முகமே மாறும். ஏன் என்று தோண்ட ஆரம்பித்தேன். தோண்டத் தோண்ட எனக்குத் தெரிந்தது இதுதான்: அமீகாவை உச்சிக்குக் கொண்டுபோனது, அதைக் கொன்றது, இன்னும் உயிரோடு வைத்திருப்பது, மூன்றுமே ஒரே டிசைன் முடிவு. அதைப் புரிந்துகொள்ள கொஞ்சம் ஹார்டுவேர் பக்கம் போகணும்.

ஜே மைனர் என்ற சிப் டிசைனர் அடாரியில் இருந்தவர். அடாரி 2600 கேம் மெஷினின் டிவி சிப், அடுத்து வந்த அடாரி 400, 800 கம்ப்யூட்டர்களின் சிப்கள் எல்லாம் அவர் கைவண்ணம். மோட்டரோலா 68000 ப்ராசசரை வைத்து புதுசா ஒரு மெஷின் செய்யலாம் என்று சொன்னார், நிர்வாகம் கேட்கவில்லை. வெளியே வந்துவிட்டார். 1982ல் கலிபோர்னியாவில் ஹை-டோரோ என்று ஒரு சின்ன கம்பெனி ஆரம்பமானது. பிறகு அதன் பெயர் அமீகா ஆனது. ஸ்பானிய மொழியில் தோழி என்று அர்த்தம்.

1984 ஜனவரியில் லாஸ் வேகாஸ் எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சிக்கு அவர்கள் கொண்டுபோனபோது சிப்பே தயாராகவில்லை. ஒவ்வொரு சிப்புக்கும் பதிலாக ஒரு அடுக்கு ப்ரெட்போர்டு, அதில் நூற்றுக்கணக்கில் ஒயர்கள். விமானத்தில் லக்கேஜாகப் போட பயந்து, 'ஜோ பில்லோ' என்ற பெயரில் தனி சீட் டிக்கெட் வாங்கி அதை உட்கார வைத்துக் கூட்டிப்போனார்கள். அங்கே காட்டியது சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஒரு பந்து, சுழன்றுகொண்டே துள்ளித் துள்ளிக் குதிக்கும். பார்க்க வந்தவர்கள் மேஜைக்கு அடியில் நிஜ கம்ப்யூட்டர் ஒளிந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்களாம்.

அதே வருடம் கமடோர் அமீகாவை விலைக்கு வாங்கியது. (நடுவில் அடாரி கொடுத்த 5 லட்சம் டாலர் கடன், அதைத் திருப்பிக் கொடுக்க வந்த கெடு, கமடோரை உருவாக்கிய ஜாக் ட்ரமியல் அங்கிருந்து வெளியேறி அடாரியையே வாங்கியது என்று ஒரு மெகா சீரியலே ஓடியது. அதைத் தனிப் பதிவாகத்தான் எழுதணும்.) 1985 ஜூலை 23 அன்று நியூயார்க் லிங்கன் சென்டரில் வெளியீட்டு விழா. ஆண்டி வார்ஹால் மேடையிலேயே பாடகி டெபி ஹாரியின் படத்தை அமீகாவில் வரைந்து காட்டினார். விலை 1,295 டாலர், மானிட்டர் தனி.

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

அன்றைய ஐபிஎம் பிசியை ஒரே ஆள் நடத்தும் டீக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பைப் பார்ப்பதும் அவர்தான், கிளாஸ் கழுவுவதும் அவர்தான், கல்லாவில் உட்காருவதும் அவர்தான். திரையில் படத்தை நகர்த்த, சத்தம் எழுப்ப, எல்லாவற்றுக்கும் சிபியுவே ஓடணும். அமீகா ஒரு நல்ல ஹோட்டல். பரோட்டா மாஸ்டர் தனி, டீ மாஸ்டர் தனி, சப்ளையர் தனி. ஆக்னஸ், டெனிஸ், பாலா என்று மூன்று சிப்கள். (பாலான்னா நம்ம பாலா இல்லைங்க, அது ஒரு பெண் பெயர்.) டெனிஸ் திரையைப் பார்த்துக்கொள்ளும். பாலா நாலு சேனலில் ஸ்டீரியோ ஒலி கொடுக்கும், ஃப்ளாப்பியையும் கவனிக்கும். ஆக்னஸ் மேனேஜர் மாதிரி, மெமரியை யார் எப்போது தொடலாம் என்று முறை வைக்கும். 68000 மெமரியைத் தொடாத இடைவெளிகளில் மற்ற சிப்கள் தங்கள் வேலையை முடித்துக்கொள்ளும். அதனால் சிபியு வேகம் 7 மெகாஹெர்ட்ஸ்தான் என்றாலும் மொத்த மெஷினும் பறந்தது.

ஆக்னஸுக்குள் இரண்டு குட்டி எந்திரங்கள். ஒன்று ப்ளிட்டர், மெமரியில் படத்துண்டுகளை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு வேகமாக நகர்த்தும். இன்னொன்று காப்பர். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். இதற்குத் தெரிந்த கட்டளைகளே மூன்று: காத்திரு, எழுது, தாண்டு. டிவி திரையில் எலக்ட்ரான் கற்றை எந்த வரியில் போய்க்கொண்டிருக்கிறது என்று அதற்குத் தெரியும். "நூறாவது வரி வரும் வரை காத்திரு, பின்னணி நிறத்தைக் கொஞ்சம் மாற்று, அடுத்த வரிக்குக் காத்திரு, இன்னும் கொஞ்சம் மாற்று." இப்படியே எழுதினால் வானம் நீலத்திலிருந்து ஆரஞ்சுக்கு வழுக்கிக்கொண்டு போகும், சிபியுவுக்கு எந்தச் செலவும் இல்லை. அமீகா கேம்களில் வரும் அந்த அழகான அந்தி வானங்கள் எல்லாம் காப்பர் செய்த வேலை.

இதற்கு மேல் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம். கார்ல் சாசென்ராத் எழுதிய எக்ஸெக் என்ற கெர்னல், 256 கேபி மெமரியில் நிஜமான மல்டிடாஸ்கிங் செய்தது. சிபியுவை எந்த ப்ரோக்ராம் எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்பதை ப்ரோக்ராமின் நல்ல மனசுக்கு விடாமல் கெர்னலே பிடுங்கிக் கொடுக்கும். வீட்டு விண்டோஸுக்கு இது வர 1995 ஆனது, மேக்குக்கு 2001.

இன்னொரு முக்கியமான விஷயம், அமீகாவின் கடிகாரமே டிவி சிக்னலின் வேகத்தோடு கோத்து வைத்தது. அதனால் வீடியோ மேல் எழுத்தும் படமும் ஏற்றுவது இதற்குச் சுலபம். 1990ல் நியூடெக் கம்பெனி வீடியோ டோஸ்டர் என்று ஒரு கார்டு விட்டது. லட்சக்கணக்கான டாலர் ஸ்டுடியோ கருவிகள் செய்த வேலையில் கணிசமானதை சில ஆயிரம் டாலரில் செய்தது. பாபிலோன் 5 தொடரின் ஆரம்பகால விண்கலக் காட்சிகள் எல்லாம் அமீகாவில் பிறந்தவை.

ஆனால் மக்கள் மெஷின் ஆனது 1987ல் வந்த அமீகா 500தான். கீபோர்டுக்குள்ளேயே முழுக் கம்ப்யூட்டர், டிவியில் சொருகினால் போதும். பிரிட்டன், ஜெர்மனி, ஸ்காண்டிநேவியா பக்கம் பிள்ளைகள் கையில் இது போய்ச் சேர்ந்தது. டீலக்ஸ் பெயிண்டில் படம் வரைந்தார்கள். 1987ல் வந்த சவுண்ட்ட்ராக்கரில் நாலு சேனலுக்குள் பாட்டு போட்டார்கள். கேம்களின் காப்பி பாதுகாப்பை உடைத்து, முன்னால் தங்கள் குழுவின் பெயரைப் பாட்டும் படமுமாக ஓடவிட்டார்கள். கொஞ்ச நாளில் கேமை விட முன்னால் ஓடும் படமே பெரிசாகி, டெமோசீன் என்று தனிக் கலையாக வளர்ந்தது. திருட்டில் பிறந்த கலைதான், மறுக்க முடியாது. 2020ல் பின்லாந்து அதைத் தன் தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்துவிட்டது! பின்பால் ட்ரீம்ஸ் கேம் செய்த டிஜிட்டல் இல்யூஷன்ஸ் பையன்கள் இந்த டெமோ உலகத்திலிருந்து வந்தவர்கள்தான். பின்னாளில் பேட்டில்ஃபீல்ட் கேமைச் செய்த டைஸ் கம்பெனி அதுதான்.

சரி, இவ்வளவு நல்ல மெஷின் ஏன் விழுந்தது?

ரசிகர்களைக் கேட்டால் ஒரே பதில், கமடோர் நிர்வாகம். அதில் உண்மை நிறைய இருக்கு. சிப்களை உண்மையாகவே மாற்றியமைக்கும் வேலை வருஷக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டு முடியாமலே போனது. நன்றாக விற்றுக்கொண்டிருந்த 500ஐ நிறுத்திவிட்டு 1992ல் 600 என்று ஒன்றை விட்டார்கள். நம்பர் பேட் கூடக் கிடையாது. 1985ல் வந்த பாலா சிப் 1994 வரை ஏறத்தாழ அப்படியே இருந்தது. கடைசியாக 1993ல் வந்த சிடி32 கேம் மெஷின், எக்ஸார் முறையில் கர்சர் வரைவது பற்றிய ஒரு காப்புரிமைத் தகராறில் மாட்டி அமெரிக்காவுக்குள் நுழையவே முடியவில்லை. ஆமாம், எக்ஸார்தான். அதற்குக் கூட காப்புரிமை வாங்கி வைத்திருந்தார்கள்.

ஆனால் நிர்வாகத்தை மட்டும் திட்டிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. பிரச்சினை டிசைனுக்குள்ளேயே இருந்தது.

அமீகா ஒரு புள்ளியின் நிறத்தை ஒரே இடத்தில் வைப்பதில்லை. 32 நிறம் வேண்டுமென்றால் ஐந்து பிட், அந்த ஐந்தும் மெமரியில் ஐந்து தனித்தனி தளங்களில் இருக்கும். 1985ல் இது புத்திசாலித்தனம். எட்டு நிறம் போதுமென்றால் மூன்று தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், மெமரி மிச்சம். தளங்களை இரண்டு கூட்டமாகப் பிரித்துத் தனித்தனி வேகத்தில் நகர்த்தினால் ஆழம் தெரியும். 1989ல் ஷேடோ ஆஃப் தி பீஸ்ட் கேமைப் பார்த்து எல்லாரும் வாயைப் பிளந்தது இந்த மாதிரி வித்தைகளைப் பார்த்துத்தான்.

1993 டிசம்பரில் டூம் வந்தது. பிசியில் ஒரு புள்ளி ஒரு பைட், 256 நிறம். சுவரில் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் கணக்குப் போட்டு வரைய ஒரு பைட் எழுதினால் முடிந்தது. அதே 256 நிறத்துக்கு, அப்போது புதிதாக இருந்த அமீகா 1200ல் எட்டுத் தளம். ஒரு புள்ளியை மாற்ற எட்டு இடத்தில் கை வைக்கணும். பக்கவாட்டில் வழுக்கும் கேம்களுக்காகச் செதுக்கிய மெஷின், முப்பரிமாண உலகத்தில் மூச்சு வாங்கியது.

அப்போ சிப்பை மாற்ற வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். கேம் எழுதியவர்கள் வேகத்துக்காக ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டு நேராக சிப்பின் ரெஜிஸ்டர்களிலேயே எழுதினார்கள். சிப்பை மாற்றினால் கேம் ஓடாது. 1991ல் 500 ப்ளஸ் வந்தபோது ராம் பதிப்பு மாறியதற்கே நிறைய கேம்கள் படுத்துவிட்டன. ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் இதே கதை. ஒரு ப்ரோக்ராம் இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பினால், தகவலை நகலெடுக்காமல் மெமரி முகவரியை மட்டும் கொடுக்கும். அவ்வளவு சின்ன மெமரியில் அவ்வளவு வேகமாக ஓடியதன் ரகசியம் இது. ஆனால் எல்லாரும் எல்லார் மெமரியையும் தொட முடிகிறது. ஒரு ப்ரோக்ராம் உளறினால் மொத்த மெஷினும் காலி, சிவப்புக் கட்டத்தில் 'குரு மெடிடேஷன்' என்று எரர் வரும். பின்னால் மெமரி பாதுகாப்பு சேர்க்கலாம் என்றால் இருக்கிற ப்ரோக்ராம் எல்லாம் உடையும். ஒரு பழைய ஏபிஐயை மாற்ற முடியாமல் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிற எல்லா எஞ்சினியருக்கும் இந்த வலி புரியும்.

1994 ஏப்ரல் 29 அன்று கமடோர் திவால் அறிவித்தது. அதே வருடம் ஜூன் 20ல் ஜே மைனர் இறந்துபோனார். பெயரும் உரிமையும் ஜெர்மனியின் எஸ்காம் கைக்குப் போனது, எஸ்காமும் 1996ல் திவால். அடுத்து கேட்வே, அடுத்து வேறு கைகள், இடையிடையே கோர்ட் கேஸ்கள். இந்தப் பகுதியைப் படித்தால் பங்காளிச் சொத்துச் சண்டைதான் ஞாபகம் வருகிறது.

ஆனால் மெஷின் உறைந்து நின்றது ரசிகர்களுக்கு வேறு மாதிரி வசதியாகிவிட்டது. வளர்ந்துகொண்டே போகும் பிசியை யாராலும் முழுசாகத் தெரிந்துகொள்ள முடியாது. அமீகா 500ஐ ஒரு மனிதன் முழுசாக மண்டைக்குள் வைத்துக்கொள்ளலாம். எந்த வரியில் எந்த ரெஜிஸ்டர் என்ன செய்யும் என்று தெரியும், அது இனி மாறப்போவதும் இல்லை. கேம்கள் சிப்பை நேரடியாக நம்பியதால் எமுலேட்டர் எழுதினவர்களும் ஒவ்வொரு சைக்கிளையும் அச்சு அசலாகப் பிரதி எடுக்க வேண்டியதாயிற்று, அதனால் அந்த சிப்களைப் பற்றிய அறிவு அழியாமல் பதிவாகிவிட்டது. வாம்பயர் என்ற போர்டு எஃப்பிஜிஏவில் புது ப்ராசசரையே செய்து ஓட்டுகிறது. பைஸ்டார்ம் 68000 சாக்கெட்டில் ஒரு ராஸ்பெர்ரி பையைச் சொருகிவிடுகிறது. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு 2021ல் 3.2 என்று புதுப் பதிப்பு வந்தது. வார்ஹால் வரைந்த படங்கள் சில ஃப்ளாப்பியில் யாருக்கும் தெரியாத ஃபார்மட்டில் கிடந்தன. 2014ல் அவற்றை மீட்டது கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் கிளப் மாணவர்கள்.

டூமும் வந்தது. 1997 கடைசியில் அதன் மூல நிரல் வெளியானதும் ரசிகர்களே அமீகாவுக்குக் கொண்டுவந்தார்கள். தளம் தளமாகப் பிரித்து எழுதும் அந்த மாற்றத்தை யார் சீக்கிரம் செய்வது என்று ஒரு போட்டியே நடந்தது. சமீபத்தில் ட்ரெட் என்று ஒரு எஞ்சின் பார்த்தேன். டூம் மாதிரியான உலகம், ஓடுவது 7 மெகாஹெர்ட்ஸ் அமீகா 500ல், 1 எம்பி மெமரியில்.

பழைய மெஷின் வாங்க ஆசைப்பட்டால் ஒரு எச்சரிக்கை: 500 ப்ளஸ், 2000 மாடல்களில் போர்டில் இருக்கும் பேட்டரி கசிந்து காப்பர் ட்ராக்கை அரித்திருக்கும். முதலில் திறந்து பாருங்க. சும்மா பார்க்க வேண்டும் என்றால் வின்யுஏஇ எமுலேட்டர் இலவசம். ராம் ஃபைலுக்குக் காப்புரிமை உண்டு, அமீகா ஃபாரெவர் தொகுப்பில் காசு கொடுத்து வாங்கலாம். முதலில் லெம்மிங்ஸ் ஆடுங்க. அப்புறம் ஸ்பேஸ்பால்ஸ் குழு 1992ல் செய்த 'ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட்' டெமோவை ஓட விடுங்க, ஸ்பீக்கரை கொஞ்சம் சத்தமா வைத்து.