இரவு இல்லாத நாட்டில் என் சகபாடிகள்

ஐரோப்பாவின் வடபாகத்தைக் காண விரும்புவோர் ஆனி, ஆடி மாதங்களிலேயே செல்லுதல் வேண்டும் என்பர். பனி கரைந்து, மலைவீதிகள் திறந்து, மக்கள் வீட்டுக்கு வெளியே வந்து ஒருவர் முகத்தை ஒருவர் காணுங் காலம் அது. அதனை நம் முதுவேனிலோடு ஒப்பிடல் ஆகாது. நமது வேனில் நிழலைத் தேட வைப்பது; அவர்களுடையது வெயிலைத் தேட வைப்பது. 2024ஆம் ஆண்டு அந்த வெயிலிலே மூன்று வாரம் மோட்டார் வண்டியில் திரியும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

காட்சி காணச் சென்றேன் என்று சொல்லேன். நண்பரைக் காணச் சென்றேன். 1986ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்துப் பாலபண்டித வகுப்பொன்றிலே ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள் ஐவர். நன்னூற் சூத்திரங்களை ஒன்றாகவே நெட்டுருச் செய்தோம். பின்பு நாடு இருந்த இருப்பில் நால்வர் நாலு திசை போயினர் என்று சொல்வது வழக்கம். உண்மையில் நால்வரும் போனது ஒரே திசை, வடதிசை. ஒருவர் ஜேர்மனியிலே ஹம்பேர்க்கில். ஒருவர் டென்மார்க்கிலே ஹேர்னிங்கில். ஒருவர் சுவீடனிலே கொத்தன்பேர்க்கில். ஒருவர் நோர்வேயின் வடகோடியில். பண்டிதர் என்ற பட்டத்தைப் பெற்று ஊரில் இருந்தவன் நான் ஒருவனே.

ஹம்பேர்க் நண்பர் லொறிச் சாரதி. விடுமுறை எடுத்துக்கொண்டு, தமது சொந்த வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டார். நெடுஞ்சாலைகளின் இலக்கங்கள் அவருக்குச் சூத்திரங்களைப் போல ஒழுங்காக வந்தன. உரை மாத்திரம் சற்று நீளம்.

எல்லை கடந்து டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில் ஏறும் வழியிலே ரொடிங் என்றொரு சிற்றூர். அங்கே இறங்கவேண்டும் என்று நானே கேட்டேன். குருண்ட்விக் என்ற பெரியாரின் கருத்தைத் தழுவி, உலகின் முதலாவது மக்கள் உயர்பள்ளி 1844இல் தொடங்கிய இடம் அது. பரீட்சை இல்லை, புள்ளி இல்லை, சான்றிதழுக்காக எவரும் வருவதில்லை. வளர்ந்தவர்கள் ஒன்றாகத் தங்கி, ஒன்றாக உண்டு, தம் மொழியையும் வரலாற்றையும் கற்கும் இடம். பரீட்சைக்கென்றே படித்துப் பரீட்சைக்கென்றே படிப்பிக்கின்ற எனக்கு அந்த வாயிலில் நிற்கக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. இந்த உயர்பள்ளி முறை நோர்வேக்கும் பரவியது. கடந்த நூற்றாண்டின் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நம் இளைஞர் பலர் நோர்வேக்குள் நுழைந்தது இத்தகைய பள்ளிகளின் மாணவராகவே. எங்கள் நான்காம் நண்பரும் அப்படிப் போனவரே. அவரைப் பற்றிப் பின்னே சொல்வேன்.

ஹேர்னிங் துணி நெய்த ஊர். அங்கே நண்பரின் மனைவியார், ‘அண்ணை, பயணக் களை தீரச் சாப்பிடுங்கோ’ என்று புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்தார். நண்பர் தொழிற்சாலை வேலையிலிருந்து நேரே வந்து சேர்ந்தார். அவர் வீட்டுக் கதையில் ஓர் ஆண்டு திரும்பத் திரும்ப வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அப்பாற்பட்ட நாடுகளிலிருந்து வந்தோரின் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்கவேண்டும் என்று உள்ளூராட்சி மன்றங்களுக்கு இருந்த கடமையை டென்மார்க் அரசாங்கம் 2002இல் நீக்கிற்று. மூத்த மகள் அதற்கு முன்பு படித்தவர். தமிழை எழுத்துக்கூட்டாமலே வாசிக்கிறார். இளைய மகன் அதற்குப் பின்பு பள்ளிக்கூடம் போனவர், ‘மாமா, சுகமா?’ என்றதோடு நின்றுவிட்டார். ஒரே வீடு, ஒரே தாய் தந்தையர், ஒரே தமிழ்ப் பற்று.

அங்கிருந்து கிழக்கே, பெரும் பெல்ட் நீரிணையை 18 கிலோமீற்றர் கடந்து கொப்பன்ஹேகன் சேர்ந்தோம். 1620ஆம் ஆண்டில் டேனியக் கப்பல்கள் முதலில் வந்தது நம் திருக்கோணமலைக்கு. அங்கே கோட்டை கட்டும் முயற்சி கைகூடவில்லை; தரங்கம்பாடியிலேயே அவர்கள் காலூன்றினர். தஞ்சை இரகுநாத நாயக்கர் டேனிய மன்னருக்குத் தமிழிலே பொன்னேட்டில் விடுத்த திருமுகம் கொப்பன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நாங்கள் போனது ஞாயிற்றுக்கிழமை. பூட்டிய கதவைத் தரிசித்துத் திரும்பினோம்.

ஓரெசுண்ட் பாலம் சுவீடனில் இறக்கிவிட்டது. கொத்தன்பேர்க் நண்பர் ஆசிரியர், அதுவும் தமிழாசிரியர், சம்பளம் தருவது நகரசபை! சுவீடன் 1977இலேயே வீட்டுமொழிக் கல்வியைச் சட்டமாக்கிய நாடு. ஒரு நகரசபைப் பிரிவில் ஐந்து பிள்ளைகளும் தகுந்த ஆசிரியர் ஒருவரும் இருந்தால் அந்த மொழியைக் கற்பிக்கவேண்டும் என்பது விதி. பள்ளிக்கூட விடுமுறையாதலால் வகுப்பைக் காணவில்லை, கொப்பிகளைக் கண்டேன். லகர ளகர ழகரத் தடுமாற்றம் நம்மூர்ப் பிள்ளைகளுடையதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வாரத்துக்கு ஒரு மணித்தியாலந்தான் என்று நண்பர் குறைப்பட்டார். அந்த ஒரு மணித்தியாலத்தின் விலை எவ்வளவு என்பது நோர்வே போனபின் எனக்குத் தெரிந்தது.

ஒஸ்லோவில் ஓரிரவு தங்கி வடக்கே திரும்பினோம். ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஒரே வீதி: மலை, ஏரி, பைன் மரம், மறுபடியும் மலை. வடமுனை வட்டத்தைக் கடக்கும் இடத்தில் மரமும் ஓய்ந்துவிடுகிறது. மூன்றாம் நாள் லோஃபோட்டன் தீவுகள். 2007இன் இறுதியில் தீவுகளுக்கு நிலவழி முற்றுப்பெற்றது. கடலுக்குள்ளிருந்து மலைகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. மலையடியில் சிவப்பு மரவீடுகள். வீடுகளுக்கு அருகே வெறுமையாய்க் கிடக்கும் பெரிய மரச்சட்டங்கள். மாரியிலே பாரென்ற்ஸ் கடலிலிருந்து முட்டையிட வரும் கொட் மீனைப் பிடித்து, உப்பிடாமல், அந்தச் சட்டங்களிலே குளிர்காற்றில் தொங்கவிடுகிறார்கள். ஆனியளவில் இறக்குகிறார்கள். நல்லது இத்தாலிக்கு, தலைகள் நைஜீரியாவுக்கு. உப்பில்லாத கருவாடு என்பதை நம் கரையோர மக்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

எங்கள் வகுப்பில் முதல்வராக இருந்தவர் இந்த நான்காம் நண்பரே. 1988இல் உயர்பள்ளி மாணவராக வந்து, ஃபின்மார்க் மாவட்டத்து மீன் ஆலைகளில் வேலை செய்து, பின்பு இந்தத் தீவுக்கு வந்தவர். அவரும் மனைவியாரும் முப்பது ஆண்டுகளாக மீன் அறுத்துத் துண்டமிடுகிறார்கள். கைகுலுக்கியபோது விரல்கள் முற்றாக மடங்கவில்லை.

அவர் மகனுக்குத் தமிழ் வராது. எங்கள் இலக்கியக் கூட்டங்களிலே, ‘வெளிநாடு போனவர்கள் மொழியை விற்றுவிட்டார்கள்’ என்று யாராவது முழங்கினால் கைதட்டல் கிடைக்கும். முழங்குபவர் ஒரு மாரிகாலம் இங்கே வந்து இருக்கவேண்டும். ஞாயிறு எழாத வாரங்கள். இரண்டு தமிழ்க் குடும்பங்கள் உள்ள ஊர். ஐந்து பிள்ளைகளுக்கு எங்கே போவது? தாயும் தந்தையும் வேலை முடிந்து வரும்போது பிள்ளை உறங்கிவிடும். ஹேர்னிங்கிலே ஒரு சட்டத்துக்கு முன்னும் பின்னும் பிறந்த இரு பிள்ளைகளையும், கொத்தன்பேர்க்கின் கொப்பிகளையும், இந்த வீட்டையும் அடுத்தடுத்துப் பார்த்த எனக்கு, பற்றுக் கூடியவர் குறைந்தவர் என்று நண்பரைத் தரம்பிரிக்க முடியவில்லை. ஒரு மணித்தியாலம் கிடைத்தவர், கிடையாதவர் என்றே பிரிக்க முடிந்தது.

நண்பரோ அழுபவரல்லர். லோஃபோட்டனிலே கொட் மீனின் நாக்கை அறுத்தெடுப்பது சிறுவர்களின் பாத்தியதை. அதை விற்றுக் காசு சேர்ப்பார்கள். அவர் மகனும் அப்படித்தான் முதற் சைக்கிளை வாங்கினாராம். ‘மச்சான், நீயும் நாவாலே பிழைக்கிறாய், அவனும் நாவாலே பிழைத்தவன்’ என்று என் முதுகில் தட்டிச் சிரித்தார்.

அன்றிரவு மகன் எங்களைத் தீவின் வடமேற்குக் கரைக்கு ஏற்றிச் சென்றார். மே இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை இங்கே ஞாயிறு மறைவதில்லை. கடற்கரை என்றால் நெய்தல். நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு. எல் என்பது ஞாயிறு. பாடு என்பது படுதல். படுதலாவது சாய்தல் என்று ஒருசாராரும், தோன்றுதல் என்று ஒருசாராரும் உரைப்பது வாசகர் அறிந்ததே. வகுப்பிலே நான் சாய்தற் கட்சி. அவர் தோன்றுதற் கட்சி. ஒரு கிழமை முகம் பாராமல் இருந்ததும் உண்டு.

நள்ளிரவு கழிந்து ஒரு மணியளவில் ஞாயிறு நேர் வடக்கே கடல் விளிம்புக்கு இறங்கிற்று. நீரைத் தொடவில்லை. சிறிது நின்றது போலத் தோன்றிற்று. பின்பு வலப்பக்கமாக நகர்ந்தபடியே ஏறத் தொடங்கிற்று. சாரதி நண்பர் வாய்மூடி இருந்தது இந்தப் பிரயாணத்தில் அப்போதுதான்.

‘இப்போது சொல்லு, மச்சான்,’ என்றார் அவர். ‘பட்டதோ, பட்டதோ?’

நான் உரையாசிரியர்களை இழுத்தேன். அவர் விடவில்லை. இரண்டு கிழவர் கடற்கரையில் கைநீட்டிச் சண்டையிடுவதைக் கண்டு மகன் ஏதோ கேட்டார். தந்தை நோர்வே மொழியிலே விடை சொல்லத் தொடங்கினார். சுருக்கமாகச் சொல்லவில்லை, கல்லிலே குந்தி, மணலில் விரலாற் கோடிழுத்து, ஐந்து நிலத்துக்கும் ஆறு பொழுதுக்கும் பாகம் பிரித்துக் காட்டினார். முழுப் பாடமும் நடந்தது. குறிஞ்சி, யாமம், நெய்தல், எற்பாடு என்ற சொற்கள் மாத்திரம் என் காதில் விழுந்தன. மகன் கோடுகளைக் கூர்ந்து பார்த்து, ஒன்றைச் சுட்டி, ஏதோ வினவினார்.

நண்பர் என் பக்கம் திரும்பினார்.

‘இந்த ஊரிலே கோடையில் யாமம் இல்லையே, அப்படியானால் குறிஞ்சிக்காரர் எப்போது சந்திப்பது என்று கேட்கிறான். பண்டிதரே, நீர் சொல்லும்.’