பட்டம் பெறாத வனத்துறை

மரம் நடுவதற்குப் பட்டம் வேண்டுமாம்!

சொன்னவர்கள் யார்? கென்யா நாட்டு வனத்துறை அலுவலர்கள். யாரைப் பற்றிச் சொன்னார்கள்? விடிந்ததும் மண்வெட்டியோடு வயலுக்குப் போய், மக்காச்சோளமும் அவரையும் விளைவித்துக் குடும்பத்துக்கே சோறு போடும் கிராமத்துப் பெண்களைப் பற்றி! விதை தூவத் தெரிந்த கைக்குக் கன்று ஊன்றத் தெரியாதாம்; பயிரைக் காத்த கண்ணுக்கு மரத்தைக் காக்கத் தெரியாதாம்; அதற்குச் சான்றிதழ் வேண்டுமாம்! படிப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டும் நகையென எண்ணுவோர் எந்த நாட்டிலும் உண்டு, அங்கேயும் இருந்தனர்.

அந்தப் பூட்டைத் திறந்தவர் ஒரு பெண். வங்காரி மாத்தாய் என்பது அவர் பெயர். பட்டம் இல்லாதவர் அல்லர் அவர். ஒன்றல்ல, மூன்று பட்டம் பெற்றவர். பட்டம் பெற்றவரே பட்டம் பெறாதாரின் பக்கம் வந்து நின்றார். தோழர்களே, நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

1940இல், கென்யாவின் நியேரி வட்டாரத்தில், இஹிதே என்ற சிற்றூரில் உழவர் வீட்டில் பிறந்தார். அண்ணன் பள்ளிக்குப் போனான். தங்கை வீட்டில் இருந்தாள். ஒருநாள் அந்த அண்ணன் தாயிடம் கேட்டான், வங்காரி மட்டும் ஏன் பள்ளிக்கு வருவதில்லை என்று. சின்னஞ்சிறு கேள்வி! தாய் அதைத் தட்டிக் கழிக்கவில்லை. மகளைப் பள்ளிக்கு அனுப்பினாள். அந்தக் கேள்வி கேட்கப்படாமலே போயிருந்தால்? ஆப்பிரிக்காவின் பெருமக்களுள் ஒருவர் அடுப்படியோடு நின்றிருப்பார்!

1960இல் கென்ய மாணவர் ஏறத்தாழ 300 பேர் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்றனர். அவர்களுள் வங்காரியும் ஒருவர். 1964இல் கான்சாஸ் மாநிலக் கல்லூரி ஒன்றில் உயிரியல் பட்டம். 1966இல் பிட்ஸ்பர்க்கில் முதுநிலைப் பட்டம். 1971இல் நைரோபியில் முனைவர் பட்டம். கிழக்கு, நடு ஆப்பிரிக்காவில் முனைவர் பட்டம் பெற்ற முதற் பெண்மணி அவரே. நைரோபிப் பல்கலைக்கழகத்தில் கால்நடை உடற்கூற்றியல் கற்பித்தார்.

மாட்டுக்கு வரும் நோய் ஒன்றை ஆராய உண்ணி பொறுக்கப் போனார் கிராமங்களுக்கு. மாடுகள் எலும்பும் தோலுமாக நின்றன, மக்களும் மெலிந்திருந்தனர். மழை பெய்தால் ஆறு செந்நிறமாய் ஓடிற்று. வயலின் வளமண் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது! தாம் பிறந்த ஊருக்குப் போனார். சிறுமியாய் இருந்தபோது பார்த்த அத்திமரம் அங்கே இல்லை. அதனருகே ஊறிய நீரோடையும் வற்றிவிட்டது. உண்ணியைத் தேடிப் போனவர், உண்ணியைவிடப் பெரிய நோயைக் கண்டார். காடு அழிந்தது, அதுதான் நோயின் வேர்!

கிராமப் பெண்கள் தங்கள் குறைகளைப் பெண்கள் சங்கத்தின் மூலம் எடுத்துச் சொன்னார்கள். விறகில்லை என்றார்கள், குடிநீர் தொலைவில் என்றார்கள், பிள்ளைகளுக்குச் சத்தான உணவில்லை என்றார்கள். மூன்றும் மூன்று துன்பமா? இல்லை, ஒன்றே! மரம் போனதால் விறகு போயிற்று. விறகு குறைந்ததால் நெடுநேரம் வேக வேண்டிய அவரையும் கிழங்கும் அடுப்பேறவில்லை. விரைவில் வேகும் சத்தற்ற பண்டமே பிள்ளையின் தட்டில் விழுந்தது. காடு அழிந்தது மலையில். வயிறு காய்ந்தது குடிசையில்! ஆய்வுக்கூடத்து அறிவும் அடுப்படி அனுபவமும் சந்தித்த இடம் இதுவே.

முதலில் அவர் அமைத்த நாற்றங்கால் தண்ணீரின்றிக் கருகிப் போயிற்று. அவர் சோரவில்லை. 1977 ஜூன் 5ஆம் நாள், நைரோபி நகரின் கமுகுஞ்சிப் பூங்காவில் ஏழு மரக்கன்றுகள் நடப்பட்டன. ஏழே ஏழு! அங்கே தொடங்கியதுதான் பசுமை வளைய இயக்கம்.

நாட்டு மக்கள் தலைக்கொரு மரம் நடப்போகிறோம் என்றபோது வனத்துறைத் தலைவர் நகைத்தார். வேண்டிய கன்றுகளை இலவசமாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஓராண்டு ஆகுமுன்பே அந்த வாக்கை விழுங்கினார். ஏன்? அத்தனை கன்றுகளை அந்தப் பெண்கள் கேட்டனர்! இனி அரசின் கன்றை நம்பிப் பயனில்லை என்று, தாங்களே விதை பொறுக்கினர். உடைந்த பானையில் மண் நிரப்பி முளைக்க வைத்தனர். ஆடும் கோழியும் எட்டாத உயரத்தில் வைத்துக் காத்தனர். கற்றுக்கொண்ட ஊரார் அடுத்த ஊராருக்குக் கற்றுக்கொடுத்தனர். பிழைத்து நின்ற கன்றுக்கே காசு. நட்டுவிட்டுப் போனதற்குக் காசில்லை! விழாவுக்கு நட்டு, விழா முடிந்ததும் மறந்துவிடும் வித்தை அங்கே செல்லவில்லை.

தொலைதூரக் கல்வி என்கிறோம். பிரிட்டனில் 1969இலும், இந்தியாவில் இந்திரா காந்தி பெயரால் 1985இலும் அதற்கெனத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. ஆலைச் சங்கு ஊதிய பிறகு வீடு திரும்பி, அஞ்சலில் வந்த பாடத்தைப் புரட்டும் தொழிலாளித் தோழருக்கு அதன் அருமை தெரியும். பள்ளி இறுதியோடு படிப்பு நின்றுபோன எனக்கும் தெரியும். அதன் உட்பொருள் என்ன? கல்வியிடம் வர இயலாதவனிடம் கல்வி செல்ல வேண்டும் என்பதே! ஆனால் எழுத்தே அறியாத பெண்ணுக்கு அஞ்சல் உறை என்ன செய்யும்? அவளுக்கு வங்காரி அம்மையார் உடைந்த பானையைப் பாடநூலாக்கினார். வயல்வரப்பை வகுப்பறை ஆக்கினார். பட்டம் பெறாத வனத்துறை ஒன்று பிறந்தது!

ஆளவந்தார் சும்மா இருப்பாரா? 1982இல் நாடாளுமன்றத் தேர்தலில் நிற்பதற்காகப் பல்கலைக்கழகப் பணியைத் துறந்தார். வாக்காளர் பதிவில் குற்றம் கூறி வேட்புமனுவைத் தள்ளினர். பணிக்குத் திரும்பலாம் என்றால் பல்கலைக்கழகம் கதவைச் சாத்தியது. குடியிருந்த வீடும் போயிற்று. வேலையும் இல்லை, வீடும் இல்லை. ஆனால் வேலைக்கு ஆள் வேண்டாத கிராமம் உண்டா? முழுநேரமும் இயக்கத்துக்கே தந்தார்.

1989இல் நைரோபியின் உகுரு பூங்காவில் 60 மாடிக் கட்டடம் எழுப்பத் திட்டமிட்டது ஆளுங்கட்சி. எதிர்த்து மடல் மேல் மடல் எழுதினார். நாடாளுமன்றத்தில் அவரை ஏளனம் செய்தனர். முடிவில் கைவிடப்பட்டது மடல் அல்ல, மாடி! நைரோபியை ஒட்டிய கருரா காட்டை வேண்டியவர்களுக்குப் பங்கு போட்டபோது கன்றோடு அங்கே போனார். 1999 ஜனவரி 8ஆம் நாள் அடியாட்கள் தாக்கினர், மண்டை உடைந்தது. காவல் நிலையத்தில் முறையீட்டுத் தாளில் தம் குருதியைத் தொட்டே கையொப்பமிட்டார்! அவ்வாண்டு ஆகஸ்டில் பொதுநிலத்தைத் தனியாருக்கு வழங்குவதை நிறுத்துவதாக அறிவித்தார் குடியரசுத் தலைவர் மோய். இன்றும் கருரா காடாகவே நிற்கிறது.

2002 தேர்தலில் 100க்கு 98 வாக்குகள் பெற்று நாடாளுமன்றம் புகுந்தார், சுற்றுச்சூழல் துணையமைச்சரானார். 2004இல் அமைதிக்கான நோபல் பரிசு! அதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண் அவர். அன்றைக்கு இயக்கம் நட்டிருந்த மரங்கள் 3 கோடி. மரம் நட்டவருக்கு அமைதிப் பரிசா என்று சிலர் வியந்தனர். நீருக்கும் நிலத்துக்கும் அடித்துக்கொள்ளும் ஊரில் அமைதி எங்கிருந்து வரும்? நீரும் நிலமும் காத்தவர் அமைதியைக் காத்தவர் அன்றோ! கதவைச் சாத்திய நைரோபிப் பல்கலைக்கழகமே பின்னாளில் அவர் பெயரால் அமைதிக்கும் சுற்றுச்சூழலுக்குமாக ஓர் ஆய்வு நிலையம் அமைத்தது.

2011 செப்டம்பர் 25ஆம் நாள் மறைந்தார். தம் சவப்பெட்டிக்காகவும் ஒரு மரம் வெட்டப்படலாகாது என்பது அவர் விருப்பம். மூங்கிலாலும் கோரையாலும் ஆகாயத்தாமரைத் தண்டாலும் பெட்டி முடைந்தனர்.

தோழர்களே! கல்வி பெற்றோர் பலர் உண்டு. பெற்றதைக் கொண்டுபோய்ப் பெறாதவர் கையில் கொடுத்தோர் எத்தனை பேர்? நீங்கள் படித்தது பத்து வரியாயினும் சரி, இன்றிரவு பக்கத்து வீட்டாருக்கு அதைச் சொல்லுங்கள். தங்கையைப் பள்ளிக்கு அனுப்பாத வீடு தெருவில் இருந்தால், அந்த அண்ணன் கேட்ட கேள்வியை அங்கே போய்க் கேளுங்கள். கன்று நட்டால், அது பிழைத்த பிறகு கணக்கில் எழுதுங்கள்.