ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி

பையனுக்கு எட்டு வயசு. அம்மா கையை இறுகப் பிடித்துக்கொண்டு என் கிளினிக்குக்குள் வந்தான்.

"மாசத்துல ரெண்டு தடவை வயித்துவலி டாக்டர். ஆறு மாசமா இதே கதைதான். பூச்சி மருந்து கொடுத்தாச்சு, ஸ்கேன் எடுத்தாச்சு. ஒண்ணும் இல்லேங்கறாங்க. ஆனா இவன் துடிக்கிறானே!" என்றார் அந்தத் தாய்.

நாடி பிடித்தேன். நாக்கைப் பார்த்தேன். வயிற்றை மெள்ள அமுக்கிப் பார்த்தேன். பையன் கொழுக் மொழுக்கென்று இல்லாவிட்டாலும் வயசுக்கேற்ற எடை. பசி, மலம், தூக்கம் எல்லாம் விசாரித்துவிட்டு, "எந்தக் கிழமையில வலி வருது?" என்று கேட்டேன்.

"மொதல் சனிக்கிழமை ராத்திரி... அப்புறம் மூணாவது சனிக்கிழமை ராத்திரி."

நாள் குறித்துக்கொண்டு வருகிற வலி! கொஞ்ச நேரம் மௌனம். பிறகு சொன்னார். விவாகரத்து வழக்கு நடக்கிறது. கோர்ட் உத்தரவுப்படி முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் காலை பத்து மணிக்குப் பையனை அப்பாவிடம் அனுப்ப வேண்டும். மாலை ஆறு மணிக்கு அவர் திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டும்.

சொல்லிவிட்டு, கைப்பையைத் திறந்தபடியே விஷயத்துக்கு வந்தார். "அப்பாகிட்ட போறதாலதான் இவனுக்கு உடம்பு கெடுதுன்னு ஒரு சர்ட்டிபிகேட் எழுதிக் கொடுங்க டாக்டர். கோர்ட்ல காட்டணும்."

அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பையனிடம் தனியாகப் பேசினேன். அப்பா அடிப்பாரா, திட்டுவாரா, அங்கே யாராவது பயமுறுத்துகிறார்களா, தொடக்கூடாத விதத்தில் யாராவது தொடுகிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். இல்லை, இல்லை என்று தலையாட்டினான். சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுக்கிறாராம். "பின்னே ஏன்டா கண்ணு வயிறு வலிக்குது?" என்றேன்.

"அங்க போனா, அம்மா போன்ல யாரோட பேசறாங்கன்னு அப்பா கேப்பாங்க. இங்க வந்தா, அப்பா வீட்ல யார் யார் இருந்தாங்கன்னு அம்மா கேப்பாங்க. எதைச் சொன்னாலும் யாராவது ஒருத்தர் அழறாங்க அங்கிள்."

நான் சர்ட்டிபிகேட் எழுதவில்லை. அந்தத் தாய்க்கு என்மேல் கோபம். இருக்கட்டும். உண்மையை எழுதுவதென்றால் இரண்டு பேர் பெயரையும் சேர்த்துத்தானே எழுத வேண்டும்?

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் பதினான்கு வேகங்கள் பற்றிப் பாடம் நடத்துவார்கள். தும்மல், கொட்டாவி, பசி, தாகம், மலம், சிறுநீர் என்று உடம்பு தானாகச் செய்கிற பதினான்கு காரியங்கள். இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது சித்தர் கணக்கு. அந்தப் பட்டியலில் கண்ணீரும் உண்டு! மாணவனாக அதை மனப்பாடம் செய்துவிட்டுப் போனேன். அதன் அர்த்தம் முப்பது வருஷம் நோயாளிகளைப் பார்த்த பிறகுதான் புரிகிறது. அம்மா முன்னால் அப்பாவை நினைத்து அழக்கூடாது, அப்பா முன்னால் அம்மாவைத் தேடி அழக்கூடாது என்று ஒரு எட்டு வயசுப் பிள்ளை அடக்கி அடக்கி வைத்தால், அது வயிற்றில்தான் போய் முட்டுகிறது. வலி நடிப்பல்ல. நிஜ வலி.

அதற்காக எல்லா வயிற்றுவலியையும் மனசுக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். காய்ச்சல், ஓயாத வாந்தி, மலத்தில் ரத்தம், எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, வலது பக்க அடிவயிற்றில் தொட்டாலே துடிப்பது... இதில் எது இருந்தாலும் ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டு வீட்டில் உட்காராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இந்தப் பையனுக்கு அதெல்லாம் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் மேலே பேசினேன்.

மறுபடி வந்தபோது அந்தத் தாய் கொட்டித் தீர்த்தார். "அவருக்கென்ன டாக்டர்! மாசத்துல ரெண்டு நாள் பொம்மை வாங்கிக் கொடுத்து ஹீரோ ஆயிடறார். காய்ச்சல், ஹோம்வொர்க், ஸ்கூல் பீஸ் எல்லாம் என் தலையில. ஜீவனாம்சம் நாலு மாச பாக்கி. பணம் தராதவருக்குப் பிள்ளை மட்டும் எதுக்கு?"

நியாயமான கோபம்தான். ஆனால், பணம் வேறு, பிள்ளையைப் பார்க்கும் உரிமை வேறு என்றுதான் கோர்ட் பார்க்கிறது. பாக்கிக்குத் தனியாக மனு போடலாம். வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ம் வருஷத்துச் சட்ட உதவிச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். பையனை அனுப்பாமல் பிடித்து வைத்துக்கொண்டால், உத்தரவை மீறியவர் என்ற பெயர் உங்களுக்குத்தான் வரும். 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கில் குழந்தை தந்தை பக்கம் இருந்தது. ஒரே பக்கம் வளர்கிற குழந்தை மற்றவரை வெறுக்கப் பழகிவிடும் ஆபத்தைச் சுட்டிக்காட்டி, சிறுமி தாயிடம் போகட்டும் என்றது கோர்ட். அதே கத்தி இந்தப் பக்கமும் வெட்டும்.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்கிறேன். அடி, குடித்துவிட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது, தகாத தொடுகை என்று பிள்ளைக்கு நிஜ ஆபத்து இருந்தால் இந்தப் பொறுமைப் பேச்செல்லாம் செல்லாது. உடனே வக்கீல் மூலம் கோர்ட்டுக்குச் சொல்லி, சந்திப்பை வேறொருவர் மேற்பார்வையில் வைக்கக் கேளுங்கள். பிள்ளைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 இருக்கிறது. எனக்குச் சர்ட்டிபிகேட் எழுதுவதில் தயக்கமே இருக்காது.

அந்த அம்மாவுக்கு நான் கொடுத்த மருந்து ரொம்பச் சின்னது. சனிக்கிழமை இரவு இட்லியோ, ரசம் சாதமோ, சீக்கிரம் கொடுத்து ஒன்பது மணிக்குத் தூங்க வையுங்கள். அந்த ராத்திரி போனில் அக்காவிடம் வழக்கைப் பற்றிப் பேச வேண்டாம், பிள்ளைகள் தூங்குவது போலப் படுத்துக்கொண்டு எல்லாம் கேட்பார்கள். காலையில் வழியனுப்பும்போது, "ஜாலியா போயிட்டு வாடா" என்று ஒரு வார்த்தை. மாலையில் திரும்பினதும் விசாரணை கூடாது. "பசிக்குதா?" போதும். மருந்து, ஹோம்வொர்க், சாப்பாடு இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிப் பையில் வையுங்கள். பிள்ளை தபால்காரனாக வேண்டாம். வாட்ஸ்அப்பில் அவர் சுருக்கென்று ஏதாவது அனுப்பினால், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, நாளைக்கு ஜட்ஜ் படிக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு பதில் எழுதுங்கள். ராத்திரி பத்துக்கு மேல் எழுதவே எழுதாதீர்கள்!

"அப்போ நான் எங்கேதான் அழறது டாக்டர்?" என்றார்.

நல்ல கேள்வி. குடும்ப நல நீதிமன்றத்திலேயே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். கூடப் பிறந்தவர், தோழி, ஒரு மனநல டாக்டர்... யாரிடமாவது அழுங்கள். பிள்ளையிடம் மட்டும் வேண்டாம் என்றேன். அங்கேயே, என் மேஜைக்கு எதிரே, கால் மணி நேரம் அழுதார். வெளியே அடுத்த நோயாளி கதவைத் தட்டியும் நான் எழுந்திருக்கவில்லை.

அப்பா என்ன செய்கிறார், அவர் அங்கே கேள்வி கேட்பதை நிறுத்தினாரா என்பது என் கையிலும் இல்லை, இந்த அம்மா கையிலும் இல்லை. ஒரு பக்கம் அமைதியானாலே பிள்ளைக்குப் பாதி பாரம் இறங்கும். மூன்று மாதத்தில் வலி முழுசாகப் போகவில்லை. சனிக்கிழமை ராத்திரித் துடிப்பு நின்று, ஞாயிறு காலையில் லேசாக ஒரு முனகல் என்ற அளவுக்கு வந்திருக்கிறது.

போன வாரம் தன் தூக்கமின்மைக்கு மருந்து வாங்க வந்திருந்தார். வழக்கு இன்னும் நடக்கிறது. பையன் முட்டியில் ஒரு சிராய்ப்பு. சைக்கிளிலிருந்து விழுந்திருக்கிறான்.

"அவர்தான் கழுவி, மருந்து வெச்சு விட்டிருக்கார்" என்றார் அந்தத் தாய். பையன் முட்டியை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். "சரியாத்தான் வெச்சிருக்கார்."