வாழை வாடல் நோயும் பரிசோதனைச் சாலையும்

வாழையின் அடியிலை மஞ்சளித்தவுடன், தண்ணீர் போதவில்லையென்றோ சாம்பற்சத்துக் குறைவென்றோ எண்ணி உரமிடுவது குடியானவர் பலரின் வழக்கம். சில சமயம் அவ்வெண்ணம் சரியாகவும் இருக்கும். ஆனால் அது வாடல் நோயின் குறியாயின், இட்ட உரம் வீணாவதுடன், பாய்ச்சும் தண்ணீரே நோயைப் பக்கத்து மரங்களுக்குக் கொண்டு செல்லும். இந்நோயை உண்டாக்கும் பியூசேரியம் என்னும் பூஞ்சக்காளான், வாழையே இல்லாத நிலத்திலும் பல்லாண்டுகள் உயிரோடிருக்கும். நோய் கண்ட மரத்தைக் குணப்படுத்தும் மருந்தும் இல்லை. ஆகையால் நோய் இன்னதென்று ஐயமறத் தெரிந்துகொள்வது அவசியம்.

தேனி ஜில்லாவிலேயே இதற்கு உதாரணமுண்டு. 'ஜி-9' என வழங்கும் கிராண்ட் நைன் வாழை, ரஸ்தாளியை வாட்டும் முதலாம் இனக் காளானுக்கு இடங்கொடாதென்று கருதப்பட்டது. அவ்வாறிருந்தும் இந்த ஜில்லாவில் அவ்வகை மரங்கள் வாடின. திருச்சிராப்பள்ளியிலுள்ள தேசீய வாழை ஆராய்ச்சி நிலையத்தார் பரிசோதித்து, வீரியம் மிகுந்த முதலாம் இனமே காரணமென்று 2010-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பிற நாடுகளில் பெருஞ்சேதம் விளைத்த நான்காம் இனம், பின்னர் பீகாரில் இருப்பதாக 2019-இல் அறிவிக்கப்பட்டது. இரண்டும் மரத்தை ஒரே விதமாக வாட்டுவதால், கண்ணால் மட்டும் பிரித்தறிய இயலாது.

எனினும் தோட்டத்திலேயே ஓரளவு ஊகிக்கலாம். வாடல் நோயில் அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளித்து, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றித் தொங்கும். தண்டின் அடி வெடிப்பதும் உண்டு. தண்டை அரிந்தால் செங்கபில நிற இழைகள் தென்படும். சத்துக் குறைவில் இந்நிறம் காணாது. கிழங்கு குழைந்து துர்நாற்றம் வீசினால் அது பெரும்பாலும் பாக்டீரியா அழுகலேயாகும்.

பரிசோதனைக்கு, அழுகிய மரத்தை விடுத்து, புதிதாக வாடத் தொடங்கிய மரத்தின் தண்டிலிருந்து நிறம் மாறிய இழைகளைச் சுத்தமான கத்தியால் எடுக்க வேண்டும். அவற்றைக் காகிதத்தின் நடுவே நிழலில் உலர்த்திக் காகித உறையிலிட்டு, வாழையின் வகை, வயது, ஊர் ஆகியவற்றை எழுதுக. பிளாஸ்டிக் பையிலிட்டால் ஈரம் கோத்து வேறு காளான்கள் வளர்ந்து உண்மையை மறைத்துவிடும்.

பரிசோதனைச் சாலையில் இழையின் வெளிப்புறத்தைச் சுத்தி செய்து, உருளைக்கிழங்குச் சாறும் சர்க்கரையும் கலந்த பாசிக் கூழின்மேல் வைப்பார்கள். சில தினங்களில் காளான் படரும். அதன் அரிவாள் வடிவ வித்துக்களை நுண்பெருக்கிக் கண்ணாடியில் காணலாம். தீங்கற்ற பியூசேரியங்களும் இவ்வாறே தோன்றுமாதலால், மரபணுப் பரிசோதனை முதலிய முறைகளால் இனத்தை நிச்சயிப்பர்.

ஆண்டிபட்டிப் பகுதியில் வாழை வைத்திருப்போர், ஐயம் தோன்றியவுடன் தோட்டக்கலை அதிகாரிகளிடமோ பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலோ ஆலோசனை பெறலாம். முடிவு தெரியும் வரையில் அத்தோட்டத்துப் பக்கக் கன்றுகளை எவருக்கும் கொடுத்தலாகாது. அங்கு உபயோகித்த மண்வெட்டியையும் அரிவாளையும் கழுவிச் சுத்தம் செய்யாமல் வேறு தோட்டத்தில் எடுத்தலும் ஆகாது. நோய் உறுதியாயின், மறு வாழைக்குப் பதிலாக வேறு பயிரிடுவதும், தண்ணீர் வசதியுள்ள இடத்தில் நெல் நடுவதும் நலம். ஒரு கன்றோடு வந்த காளான் ஊர் முழுவதையும் பிடிக்காமல் காப்பது, முதல் மரம் வாடும்போது நாம் காட்டும் கவனமேயாகும்.