எண்ணிப் பார்க்கப்படாத பொட்டலம்

தோவாளைச் சந்தையிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பூக்கூடைகள் வருகின்றன. அனுப்புபவர் கூடைகளின் எண்ணிக்கையைச் சீட்டில் எழுதி உடன் அனுப்புவதாகக் கொள்வோம். பெறுபவர் எண்ணிப் பார்ப்பார். கணக்குப் பொருந்தாவிடில் வழியில் ஏதோ நேர்ந்துள்ளது என்பது தெரிந்துவிடும். கழக்கூட்டத்தில் 1990ஆம் ஆண்டு அமைந்த டெக்னோபார்க்கிலிருந்து புறப்படும் இணையச் செய்திக்கும் இத்தகைய சீட்டு உண்டு.

இணையத்தில் செல்லும் செய்தி, சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. அனுப்பும் கணினி, பொட்டலத்தில் உள்ளவற்றை எண்களாகக் கொண்டு கூட்டி, அத்தொகையிலிருந்து பெற்ற குறியீட்டையும் உடன் வைக்கிறது. இதனைச் செக்சம் என்பர். தமிழில் சரிபார்ப்புத் தொகை எனலாம். 7, 12, 5 ஆகியவற்றின் தொகை 24. வழியில் 12 என்பது 13 ஆகத் திரிந்தால் தொகை 25 ஆகிவிடும். பெறும் கணினி அப்பொட்டலத்தை ஏற்காது. அனுப்பிய கணினி மீண்டும் அனுப்பும். (12, 5 ஆகிய இரண்டும் இடம் மாறினால் தொகை மாறாது. இம்முறையின் குறை அது.)

இச்சரிபார்ப்பு நடைபெறாவிடில் என்ன ஆகும்? கணினியில் 9 என்னும் எழுத்துருவில் ஒரே ஒரு பிட் மாறினால் அது 1 ஆகிவிடும். 91 மதிப்பெண் 11 ஆகும். பிழை என்று எவரும் ஐயுறார்.

2015ஆம் ஆண்டு டுவிட்டர் நிறுவனத்தில் இது நிகழ்ந்தது. பழுதான இணைப்புக் கருவியொன்று பொட்டலங்களைச் சிதைத்தது. நிரல்களோ நேர வாய்ப்பில்லாத பிழைகளைக் காட்டின. சரிபார்ப்புத் தொகை இருந்தும் சிதைந்தவை எவ்வாறு உள்ளே வந்தன? விஜய் பாண்டுரங்கன் உள்ளிட்ட பொறியாளர்கள் ஆராய்ந்தனர். ஒரே கணினிக்குள் தனித்தனி அறைகள் போல நிரல்களைப் பிரித்து வைக்கும் முறை உண்டு. அவ்வறைகளைக் கன்டெய்னர் என்பர். அவற்றின் வாயிலாக அமைந்த லினக்ஸ் மென்பொருள், வெளியிலிருந்து வந்த பொட்டலங்களுக்கும் 'முன்பே சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரையிட்டு வந்தது!

இத்தகைய குறையைக் கண்டறியும் வழி வியப்பானது: பொட்டலங்களை வேண்டுமென்றே சிதைத்து அனுப்ப வேண்டும். சரிபார்ப்பு இயங்கினால் செய்தி தாமதமாகும். ஆயினும் பிழையின்றி வந்து சேரும். இயங்காவிடில் சிதைவு அப்படியே வந்து சேரும். லினக்ஸிலிருந்து அம்முத்திரையிடும் சில வரிகள் பின்னர் நீக்கப்பட்டன.